நெய்வேலி பக்கம் மனை, வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது என்னென்ன?

முந்திரித் தோப்பு, பலா மரம், செம்மண் பூமி, கூப்பிடு தூரத்தில் தேசிய நெடுஞ்சாலை. பண்ருட்டியிலிருந்து வடலூர் வரை சாலையின் இரண்டு பக்கமும் மனைப்பிரிவுக் கொடிகள் பறக்கின்றன. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மண்ணுக்கு மேலே முந்திரி, கீழே பழுப்பு நிலக்கரி. அதனால் மற்ற ஊர்களில் மனை வாங்கும்போது கேட்கிற கேள்விகளோடு இங்கே இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கணும்: இந்த நிலம் நாளைக்கும் நிலமாகவே இருக்குமா?

ஓய்வுக்கால பணத்தை முழுசாகப் போட்டு வீடு வாங்குகிறவர்கள் அதிகம் உள்ள பகுதி இது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இங்கே ஏன் இவ்வளவு பேர் மனை தேடுகிறார்கள்?

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956ல் தொடங்கப்பட்டது. 2016 முதல் அதன் பெயர் என்எல்சி இந்தியா லிமிடெட். சுரங்கமும் அனல்மின் நிலையமும் வந்தபோது, அவற்றோடு சேர்த்து பிளாக் பிளாக்காக ஒரு நகரியமும் கட்டப்பட்டது. அகலமான சாலை, வரிசையாக மரங்கள், பள்ளிக்கூடம், மருத்துவமனை என எல்லாம் உள்ளேயே இருக்கும்.

ஆனால் நகரியத்து குவார்ட்டர்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அதை விலைக்கு வாங்க முடியாது. ஓய்வு பெற்றால் காலி செய்துதான் ஆகணும். பிள்ளைகள் படித்த ஊர், பழகிய மனிதர்கள், தெரிந்த ஆஸ்பத்திரி. இதையெல்லாம் விட்டுப் போக மனசில்லாதவர்கள் இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி என்று சுற்றுவட்டாரத்தில் இடம் பார்க்கிறார்கள்.

நகரியத்துக்குள் 'என் வீட்டைத் தர்றேன், எழுதிக்கலாம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திடுங்க. அது அவர்கள் விற்கக்கூடிய சொத்தே இல்லை.

சுரங்கத்துக்கும் நம்ம மனைக்கும் என்ன சம்பந்தம்?

நெய்வேலியில் இருப்பவை திறந்தவெளிச் சுரங்கங்கள். குகை மாதிரி தோண்டிக்கொண்டு உள்ளே போவதில்லை. மேல்மண்ணை முழுசாக அகற்றிவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் பழுப்பு நிலக்கரியை எடுக்கிறார்கள். எடுத்து முடிந்த பள்ளத்தில் மண்ணைக் கொட்டிக்கொண்டே சுரங்கம் அடுத்த பக்கம் நகரும். அதாவது, சுரங்கம் நடக்க நடக்க அதற்குப் புது நிலம் வேண்டும். சுரங்கம் 1, 1ஏ, 2 ஆகிய மூன்றும் இப்படித்தான் இயங்குகின்றன. மூன்றாவது சுரங்கம் பற்றிய பேச்சும், அதற்கு எதிரான போராட்டங்களும் பல வருஷமாக இருக்கின்றன.

இது நெய்வேலிக்கு மட்டும் உரியதில்லை. ஜெர்மனியின் கார்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் விரிவடைந்தபோது லூட்சராத் என்ற சிற்றூரே 2023 ஜனவரியில் போராட்டக்காரர்களை வெளியேற்றிவிட்டு இடிக்கப்பட்டது. வீட்டின் தரம் எவ்வளவு நல்லா இருந்தாலும் சுரங்கத்தின் பாதையில் இருந்தால் அது நிற்காது.

வளையமாதேவி சொல்லும் பாடம்

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. இரண்டாவது சுரங்கத்துக்காக பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்டும் வேலை அது. அந்தக் காட்சிகள் தமிழ்நாட்டையே உலுக்கின. விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிர் இழந்த விவசாயிகளுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று முடிவானது.

மனை வாங்குகிறவர்கள் இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த நிலங்கள் பல வருஷத்துக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டவை என்றது என்எல்சி. ஆனால் வயலில் விவசாயம் நடந்துகொண்டேதான் இருந்தது. அதாவது, காகிதத்தில் நிலம் கைமாறிவிட்டது, கண்ணுக்கு அது பச்சை வயலாகவே தெரிந்தது.

அதனால் 'நேர்ல போய் பார்த்தேன், பயிர் நல்லா இருக்கு, பக்கத்துல நாலு வீடு கட்டியிருக்காங்க' என்பது இந்தப் பகுதியில் போதாது. ஆவணத்தைப் பார்க்கணும்.

நில எடுப்பில் இருக்கும் இடத்தை வாங்கினால் என்ன ஆகும்?

2013ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 11(4) பிரிவுப்படி, முதல்நிலை அறிவிக்கை வந்த பிறகு ஆட்சியரின் சிறப்பு அனுமதி இல்லாமல் அந்த நிலத்தை விற்கவோ வாங்கவோ கூடாது. தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்க தமிழ்நாட்டில் 1997ம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. அதன்படி கையகப்படுத்தும் அறிவிப்பு வெளியானால் நிலம் அரசுக்குப் போய்விடும்.

அறிவிக்கைக்குப் பிறகு வாங்கியவர் நில எடுப்பை எதிர்த்து வழக்குப் போட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அப்படி வாங்கியவருக்குச் சட்டப் பாதுகாப்பு மிகக் குறைவு.

சரி, இழப்பீடு வருமே என்கிறீர்களா? 2022 ஜனவரியில் என்எல்சி அறிவித்த தொகுப்பைப் பாருங்கள். விவசாய நிலத்துக்கு ஏக்கருக்கு 23 லட்சம் ரூபாய், அதாவது சென்ட்டுக்கு 23,000 ரூபாய். ஊரகப் பகுதி வீட்டு மனைக்கு சென்ட்டுக்கு 40,000, நகர்ப்புறத்தில் 75,000. நீங்கள் சென்ட் 2 லட்சம் கொடுத்து 5 சென்ட் வாங்கியிருந்தால், ஒரு பேச்சுக்குச் சொன்னால், போட்டது 10 லட்சம். ஊரக மனைக் கணக்கில் கிடைப்பது 2 லட்சம். நகர்ப்புறக் கணக்கில் பார்த்தாலும் 4 லட்சத்தைத் தாண்டாது.

சரிபார்ப்பது எப்படி?

முதலில் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் எழுதி வாங்குங்க. அதைக் கொடுக்கத் தயங்குகிற புரோக்கரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். பிறகு இதைச் செய்யுங்க:

• வில்லங்கச் சான்று: குறைந்தது 30 வருஷத்துக்குப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதாலேயே நில எடுப்பு இல்லை என்று அர்த்தமில்லை. பதிவு செய்யப்பட்ட பரிமாற்றங்களைத்தான் அது காட்டும்.

• பட்டா, சிட்டா, அ-பதிவேடு: தமிழக அரசின் இணையவழி நிலப் பதிவேட்டில் பார்க்கலாம். விற்பவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கணும். அ-பதிவேட்டில் அது புறம்போக்கு என்றோ அரசு நிலம் என்றோ இருந்தால் அதோடு விட்டுடுங்க.

• நில எடுப்பு அலுவலகம்: இதுதான் பலரும் தவறவிடும் படி. வட்டாட்சியர் அலுவலகத்திலும், என்எல்சிக்காக நிலம் எடுக்கும் வருவாய்த்துறைப் பிரிவிலும் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

• தகவல் அறியும் உரிமைச் சட்டம்: வாய்மொழிப் பதிலை மட்டும் நம்ப வேண்டாம். 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தரணும். மத்திய அரசு நிறுவனம் என்பதால் என்எல்சிக்கும் மனு போடலாம். மூன்றே கேள்வி போதும்: இந்த சர்வே எண்ணுக்கு நில எடுப்பு அறிவிக்கை வந்திருக்கிறதா? இது சுரங்கக் குத்தகை எல்லைக்குள் வருகிறதா? கால்வாய், சாலை போன்ற வேறு திட்டத்துக்குத் தேவைப்படுகிறதா?

30 நாள் காத்திருந்தால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்துவார்கள். போனால் போகட்டும். இடம் வேறு கிடைக்கும், ஓய்வுக்காலப் பணம் இரண்டாவது முறை வராது.

'டெல்டா பாதுகாப்பு மண்டலம்தானே, சுரங்கம் வராது' என்கிறார்களே?

கவனமாகக் கேளுங்கள். 2020ம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டம் முழுவதற்கும் பொருந்தாது. காட்டுமன்னார்கோவில், குமராட்சி, மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை ஆகிய 5 வட்டாரங்கள் மட்டுமே அதில் வருகின்றன. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, கம்மாபுரம் வட்டாரங்கள் அதில் இல்லை.

2023ல் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்து, எதிர்ப்பு வந்ததும் ஏப்ரலில் நீக்கியது. அந்த முடிவு அந்த மூன்று இடங்களுக்கானது. நெய்வேலியைச் சுற்றி எல்லா இடத்துக்கும் அதுவே உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

முந்திரித் தோப்பு மனை ஆவது எப்படி?

ஒயினுக்கும் திராட்சைக்கும் பேர்போன நாசிக் இருக்கும் மகாராஷ்டிராவில், விவசாயி அல்லாதவர் சாதாரணமாக விவசாய நிலம் வாங்க முடியாது. தமிழ்நாட்டில் அப்படித் தடை இல்லை. யார் வேண்டுமானாலும் தோப்பை வாங்கலாம். அதனாலேயே தோப்புகள் சீக்கிரமாக மனைகளாக மாறுகின்றன. வாங்க முடியும் என்பது வேறு, வீடு கட்ட முடியும் என்பது வேறு.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. பிறகு 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. எனவே:

• டிடிசிபி அங்கீகார எண் இருக்கிறதா? அந்த வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா? பூங்காவுக்கு விட்ட இடத்தைப் பிரித்து விற்கிறார்களா?

• மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா பதிவு தேவை. பதிவு எண்ணை தமிழ்நாடு ரெரா தளத்தில் பார்க்கலாம்.

• பஞ்சமி நிலம், கோயில் நிலம், நிபந்தனைப் பட்டா நிலம் இல்லை என்பதை வழக்கறிஞர் மூலம் உறுதி செய்யுங்கள்.

• சுரங்கத்துக்கு ஊரைக் கொடுத்தவர்களுக்கு ஒதுக்கிய மாற்று மனை என்றால், கையில் ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான் இருக்கிறதா, பட்டா கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள். பட்டா இல்லையென்றால் காத்திருங்கள்.

• விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இடமா? சாலை விரிவாக்கத்துக்கான நில எடுப்பையும் சேர்த்து விசாரியுங்கள்.

கட்டிய வீடு என்றால் எதைப் பார்க்கணும்?

கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு மூன்றும் விற்பவர் பெயரில் இருக்கணும். சுரங்கத்தில் கெட்டியான மண்ணை இளக்க வெடி வைப்பதும் உண்டு. எனவே சுரங்க ஓரத்து வீடு என்றால் சுவர் விரிசலைப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

தண்ணீர் இன்னொரு விஷயம். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. அது சுரங்கத் தரையை உடைத்து மேலே வராமல் இருக்கத் தொடர்ந்து நீரை இறைக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் போர் எத்தனை அடி, கோடையில் வருகிறதா என்று கேளுங்கள். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள்.

மழை வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2015 நவம்பரில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் கிராமங்களில் திடீர் வெள்ளம் வீடுகளையும் உயிர்களையும் கொண்டு போனது. நில அளவை வரைபடத்தில் பக்கத்தில் ஓடை இருந்தால், அது இன்று காய்ந்து கிடந்தாலும் ஓடைதான். காற்றுக்கும் கணக்கு உண்டு. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் இந்தப் பகுதியின் முந்திரி, பலா மரங்களைச் சாய்த்துப் போட்டது. வெறும் ஷீட் கூரை இங்கே தாங்காது.

செலவு எவ்வளவு?

தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. பத்திர மதிப்பு 20 லட்சம் என்றால் 1.80 லட்சம் ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை உண்டு.

செலவைக் குறைக்க பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. எங்கேயும் தப்புதான், இங்கே கூடுதல் ஆபத்து. நாளைக்கு நில எடுப்பு வந்தால் இழப்பீட்டுக்கு அடிப்படையாகப் பார்க்கப்படுவது பத்திரங்களில் உள்ள விலையும் வழிகாட்டி மதிப்பும்தான். நீங்கள் கையில் கொடுத்த ரொக்கத்துக்குக் கணக்கு இல்லை.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

தாராளமாக வாங்கலாம். நெய்வேலியைச் சுற்றி எல்லா இடமும் சுரங்கத்துக்குப் போவதில்லை. வடலூர் 2021ல் நகராட்சியாகவே ஆகிவிட்டது. ஆனால் வரிசையை மாற்றாதீங்க. முதலில் சர்வே எண், அடுத்து நில எடுப்பு விசாரணை, அதன் பிறகு வழக்கறிஞர் கருத்து, கடைசியில்தான் அட்வான்ஸ். வங்கிக் கடன் தேவைப்படாவிட்டாலும் கடனுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். வங்கியின் சட்ட ஆலோசகர் ஏதாவது காரணம் சொல்லி மறுத்தால், அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் உங்கள் பணத்தையும் போட வேண்டாம்.