இரண்டு தாளம், ஒரே வீடு

1996-இல் வெளிவந்த ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘நோ ப்ராப்ளம்’ பாடலைக் கேட்டவர்கள், அந்தத் துள்ளலான வெளிநாட்டுக் குரலை மறந்திருக்க மாட்டார்கள். அவர்தான் அப்பாச்சி இந்தியன். அவருடைய கதை, பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த தங்கவயல் தமிழர்களான நமக்கும் சொந்தமான கதை.

இயற்பெயர் ஸ்டீவன் கபூர். பஞ்சாபிலிருந்து குடியேறிய குடும்பத்தில், 1967-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். வளர்ந்த ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் இந்தியரும் ஜமைக்கா தீவிலிருந்து வந்த கறுப்பின மக்களும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தனர். ‘ஸ்டீல் பல்ஸ்’ என்ற புகழ்பெற்ற ரெகே குழுவும் அந்த மண்ணில் தோன்றியதே. வீட்டில் பஞ்சாபி, தெருவில் ஜமைக்கா பேச்சு. இரண்டும் அவர் நாவில் கலந்தன. பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து இசைத்தட்டுகளைச் சுழற்றி, அதன்மேல் பாட்டுப் பேசும் ‘சவுண்ட் சிஸ்டம்’ குழுக்களே அவருக்குப் பள்ளிக்கூடம்.

மேடைப் பெயரை, ‘வைல்ட் அப்பாச்சி’ என்று அழைக்கப்பட்ட ஜமைக்கா பாடகர் சூப்பர் கேட்டிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்த சூப்பர் கேட்டின் முன்னோரிலும் இந்தியர் உண்டு என்பது வியப்பான செய்தி!

1990-இல் ‘மூவி ஓவர் இந்தியா’ வந்தது. ரெகேயின் அதிரடிப் பிள்ளையான ராகாவும் பஞ்சாபின் பாங்க்ராவும் அதில் கைகோத்தன. 1993-இல் வந்த ‘நோ ரிசர்வேஷன்ஸ்’ ஆல்பத்தின் பெரும்பகுதி ஜமைக்காவிலேயே பதிவானது. பெரியவர்கள் பார்த்து முடிக்கும் திருமணம், குடிப்பழக்கம், எய்ட்ஸ் எனக் குடும்பங்கள் வெளியில் பேசத் தயங்கியவற்றை அவர் ஆட்டத்துக்குரிய தாளத்தில் வைத்தார். அதே ஆண்டு ‘பூம் ஷக்-எ-லக்’ பிரிட்டிஷ் தரவரிசையில் 5-ஆம் இடம் வரை ஏறியது. பின்னர் வந்த ஆல்பங்கள் அந்த உயரத்தை எட்டவில்லை. ஆனால் அவர் திறந்த வழி அடைபடவில்லை.

நம் பிள்ளைகள் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து பேசுவதைக் கேட்டுப் பெரியவர்கள் வருந்துகிறோம். மொழி கலப்பதாலேயே வேர் அறுந்துவிடாது; சொந்த வீட்டின் சேதியை மறந்தால்தான் அறும். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஷிப்டுச் சங்கும், லைன் வீடும், சயனைடு மேடும், விடியற்காலை பெங்களூர் ரயிலும் இன்னும் பாட்டாக வேண்டிக் காத்திருக்கின்றன. எந்தத் தாளத்தில் வேண்டுமானாலும் பாடட்டும். பாடுவது நம் கதையாக இருக்கட்டும்.