இழைகள் தூரத்தைச் சொல்வது எப்படி?

திண்டிவனம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்று விழுப்புரம் பக்கமாகப் பாருங்கள். காலடியில் அகன்று கிடக்கும் தண்டவாளங்கள் இரண்டும், தொலைவில் போகப் போக நெருங்கி ஒன்றாகச் சேர்ந்துவிடுவது போலத் தோன்றும். உண்மையில் அவை சேர்வதில்லை. திண்டிவனத்திலும் சரி, விழுப்புரத்திலும் சரி, அகலப்பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1.676 மீட்டர்தான். குறைவது அகலம் அன்று. அந்த அகலம் நம் கண்ணில் உண்டாக்கும் கோணமே குறைகிறது.

இதைக் கண்ணின் மயக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தூரம் இரு மடங்கானால் கோணம் பாதியாகிறது. மூன்று மடங்கானால் மூன்றில் ஒரு பங்காகிறது. துப்பாக்கியின் மேல் பொருத்திய தொலைநோக்கி வழியே பார்ப்பவர், இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அறிவது இந்த ஒழுங்கைக் கொண்டுதான்.

ஆயிரத்தில் ஒரு பங்கு

அத்தகைய தொலைநோக்கியினுள் குறுக்கும் நெடுக்குமாக இரு மெல்லிய கோடுகள் தெரியும். இவற்றைக் குறுக்கிழைகள் என்பர். 1640ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் காஸ்காயின் என்பவரின் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி இழை பின்னியதாம். பொருளும் இழையும் ஒருசேரத் தெளிவாகத் தெரிந்ததைக் கண்டே அவர் இந்த உத்தியைக் கண்டறிந்தார் என்பர். லென்சு உருவாக்கும் பிம்பம் விழும் தளத்திலேயே இழை அமைந்துவிட்டதுதான் அதற்குக் காரணம்.

குறுக்கிழைகளின் மேல் சம இடைவெளியில் புள்ளிகளோ சிறு கோடுகளோ இட்டிருப்பார்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட கோணம் பெரும்பாலும் ஒரு மில்லிரேடியன், சுருக்கமாக ‘மில்’. ஒரு மீட்டர் உயரமுள்ள பொருள் 1000 மீட்டர் தூரத்தில் உண்டாக்கும் கோணமே ஒரு மில். எனவே கணக்கு எளிது. பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஆயிரத்தால் பெருக்கி, மில் எண்ணிக்கையால் வகுத்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும். 2 மீட்டர் உயரமுள்ள பலகை 4 மில் அளவுக்குத் தெரிந்தால், அது 500 மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

இந்த வகுத்தலையும் மிச்சப்படுத்தும் தொலைநோக்கிகள் உண்டு. இந்திய ராணுவமும் பயன்படுத்திய ரஷ்யாவின் டிராகுனோவ் துப்பாக்கியின் தொலைநோக்கியில் ஒரு வளைகோடு வரைந்திருக்கும். 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவரின் பாதத்தை அடிக்கோட்டில் வைத்து, தலை வளைகோட்டைத் தொடும் இடத்தில் உள்ள எண்ணைப் படித்தால், தூரம் எத்தனை நூறு மீட்டர் என்பது தெரிந்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

இதைச் சோதிக்கத் துப்பாக்கி தேவையில்லை. 50 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் ஊசியால் ஒரு துளை இடுங்கள். மறுமுனையில் சரியாக 5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நூல்களை இணையாக ஒட்டுங்கள். 5 மில்லிமீட்டரை 500 மில்லிமீட்டரால் வகுத்தால் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்.

பள்ளி மைதானத்தில் உங்கள் நண்பர் அரை மீட்டர் குச்சியை நிமிர்த்திப் பிடித்து நிற்கட்டும். துளை வழியே பார்த்துக்கொண்டே பின்னால் நகருங்கள். குச்சியின் இரு நுனிகளும் இரு நூல்களையும் சரியாகத் தொடும் இடத்தில் நின்று, நாடாவால் தூரத்தை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 50 மீட்டர் இருக்கும்.

இதே குழாயுடன் நடைமேம்பாலத்துக்குச் சென்று, நூல்கள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி பிடித்துப் பாருங்கள். இரு தண்டவாளங்களும் நூல்களுக்கு நடுவே சரியாகப் பொருந்தும் இடம் உங்களிடமிருந்து சுமார் 168 மீட்டர். பாலத்திலிருந்து இறங்காமலேயே அளந்துவிட்டீர்கள்!

நில அளவையாளரின் வழி

உங்கள் குழாயின் ‘நூறு’ என்ற எண், பாலிடெக்னிக்கில் நில அளவை படிக்கும் மாணவருக்கு நன்கு பழக்கமானது. தியோடலைட்டின் தொலைநோக்கியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு இழைகள் இருக்கும். தொலைவில் நிறுத்திய அளவுக்கோலில் மேல் இழை 1.850 மீட்டரையும் கீழ் இழை 1.430 மீட்டரையும் காட்டினால், வித்தியாசம் 0.420, நூறால் பெருக்க, தூரம் 42 மீட்டர். நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் 1771ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தில் கால்வாய் அளவைப் பணிக்கு இம்முறையைக் கையாண்டார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நில அளவையாளர் தம் அளவுக்கோலையே மறுமுனைக்கு அனுப்பிவிடுகிறார். ஆகவே அவர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. துப்பாக்கி பிடித்தவரோ தம் கோலை இலக்கின் அருகே அனுப்ப முடியாது. இலக்கின் உயரம் இன்னதென்று அவராகவே வைத்துக்கொள்கிறார்.

தெரிந்த ஒரு நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். பிறகு அரை டன் எடையுள்ள தியோடலைட்டால் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணம் முக்கோணமாகக் கடலூர்ப் பக்கம் வரை வந்தார். அந்த அடிக்கோட்டில் பிழை இருந்தால், அதன்மேல் எழுந்த முக்கோணங்கள் எல்லாவற்றிலும் அதே பிழை இருக்கும்.

பிழை எங்கே நுழைகிறது?

2 மீட்டர் பலகையை ஒருவர் 1.6 மீட்டர் என்று தவறாக எண்ணிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கோணம் 4 மில் என்று மிகச் சரியாகவே படிக்கிறார். இருந்தும் அவருக்குக் கிடைக்கும் விடை 400 மீட்டர். உண்மைத் தூரம் 500. வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 400 மீட்டரைக் கடக்க அரை வினாடி ஆகும். அதற்குள் அது சுமார் 1.2 மீட்டர் தாழ்ந்துவிடும். 500 மீட்டருக்குள் 1.9 மீட்டர் தாழும். 400 மீட்டருக்கெனக் குறிவைத்த குண்டு, காற்றின் தடையைச் சேர்க்காமலே, பலகையில் 38 சென்டிமீட்டர் கீழே பாயும். காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் கீழே போகும். துப்பாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை, தவறு 1.6 என்ற எண்ணில் இருக்கிறது.

கோணத்தைப் படிப்பதிலும் பிழை நேரும். 500 மீட்டரில் 4 மில்லை 4.2 என்று படித்தால் விடை 476. பிழை 24 மீட்டர். அதே பலகை 1000 மீட்டரில் 2 மில்தான் தெரியும். அதை 2.2 என்று படித்தால் விடை 909. பிழை 91 மீட்டர். தூரம் இரட்டிக்க, பிழை ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது!

உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய தொலைநோக்கிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சிலவற்றில் உருவம் பெரிதாகும்போது புள்ளிகளின் இடைவெளி பெரிதாவதில்லை. அவற்றில் ஒரு குறிப்பிட்ட உருப்பெருக்கத்தில் மட்டுமே மில் கணக்கு பொருந்தும்.

இன்று லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை நொடியில் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் மின்கலம் தீர்ந்தாலும் குறுக்கிழை வேலை செய்யும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இழை தூரத்தை அளப்பதில்லை, கோணத்தைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அதைத் தூரமாக மாற்றுவது நீங்கள் தரும் உயரம் அல்லது அகலம். முன்பு திண்டிவனம் வழியே சென்றது ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதை. அந்நாளில் இதே பாலத்தில் இதே குழாயுடன் நின்றிருந்தால், தண்டவாளங்கள் நூல்களுக்குள் பொருந்தும் இடம் 100 மீட்டரிலேயே வந்திருக்கும். அகலப்பாதை என்று நினைத்துக் கணக்கிட்டவருக்கோ அது 168 மீட்டர்!