அழுத்தும் எண்கள் – 7: ‘வயசுக்கு இது சரிதான்’

“நூத்தி அறுபதுதான் இருக்கு. எனக்கும் அறுபது ஆகுதே, நூறோட வயசைக் கூட்டினா சரியாத்தானே வருது?” பிரஷர் பார்த்துவிட்டு வரும் பெரியவர்கள் பலர் இன்றும் இப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்து டாக்டர்களே சொல்லிக்கொடுத்த கணக்கு இது.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் சோதித்தபோது, அழுத்தம் 186/108. இன்றைக்கு இருப்பதுபோல மாத்திரைகள் அன்று கிடையாது; உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று, தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு. அப்போது மேல் அளவு 300. வயது 63.

வயதோடு அழுத்தம் மாறாதா? மாறும். பிறந்த குழந்தைக்கு மேல் அளவு 70-ஐ ஒட்டி இருக்கும். பள்ளிப் பிள்ளைக்கு 100 வாக்கில். அதனால்தான் சிறுவர்களுக்கு ஒரே எண்ணை வைத்து முடிவு சொல்வதில்லை. வயதோடு உயரத்தையும் பார்ப்பார்கள். கர்ப்பிணிக்கு நடு மாதங்களில் சற்று இறங்கி, கடைசி மாதங்களில் ஏறும். ஆனால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டால், அதோடு தலைவலியோ கண் மங்கலோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஐம்பதைத் தாண்டியதும் நடப்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. பெருந்தமனி பழைய ரப்பர் குழாய்போல விறைத்துவிடுவதால் மேல் அளவு ஏறிக்கொண்டே போக, கீழ் அளவு இறங்கும். “கீழே 70தானே” என்று நிம்மதி அடைகிறவருக்கு மேலே 170 இருக்கும். அறுபது வயதைக் கடந்த இத்தகையவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த ‘ஷெப்’ ஆய்வில் (1991) பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. எண்பதைத் தாண்டியவர்களுக்கும் சிகிச்சை பலன் தருகிறது என்று 2008-இல் ‘ஹைவெட்’ ஆய்வு காட்டியது.

ஏறுவது இயற்கைதானே என்பவர்களுக்கு பிரேசில் காட்டில் வாழும் யானோமாமி மக்களைக் காட்டலாம். உணவில் உப்பே சேர்க்காத அவர்களுக்கு, வயது ஏறினாலும் அழுத்தம் ஏறவில்லை என்று 1988-இல் வெளியான ‘இன்டர்சால்ட்’ ஆய்வு பதிவுசெய்தது. நம்மைப்போல ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அவர்கள் இலையில் இல்லை. உழைப்பும் ஒல்லியான உடம்பும்கூட அவர்களுக்குத் துணை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்காக எல்லா முதியவருக்கும் அளவை ஒரேயடியாக இறக்குவதும் ஆபத்து. படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று சொல்லும் பாட்டிக்கு, உட்காரவைத்துப் பார்த்தது போதாது. நிற்கவைத்து, ஓரிரு நிமிடத்தில் இன்னொரு முறை பாருங்கள். மேல் அளவு 20-க்கு மேல் சரிந்தால், மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் அந்த இரண்டு எண்களையும் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

(தொடரும்)