மாடியில் ஆன்டெனா, கீழே குரல்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பழைய வீட்டு மொட்டைமாடிகளில் அந்த டிவி ஆன்டெனாவை எங்கேயாவது இன்னும் பார்க்கலாம். மீன்முள் போல அலுமினியக் குழாய்கள், உச்சியில் ஒரு காகம். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு முளைத்தவற்றின் மிச்சம். 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் படம் புள்ளி புள்ளியாகிவிட்டால் அண்ணன் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவார். "இன்னும் கொஞ்சம்... ஆ, போதும்!" என்று கீழிருந்து தங்கை கத்துவாள்.

ஏறக்குறைய அதே சாயலில் இன்று கிரீன்லாந்தின் பனியில் ஆன்டெனாக்கள் புதைந்திருக்கின்றன. தேடுவது நியூட்ரினோவை. ஆனால் "போதும்" என்று சொல்ல அங்கே யார்?

நியூட்ரினோ எதிலும் ஒட்டாத துகள். பேராற்றல் கொண்ட ஒன்று எப்போதாவது பனியில் மோதினால் துகள்கள் மழையாய்த் தெறிக்கும். அந்த மழை வழியிலுள்ள எலக்ட்ரான்களையும் அள்ளிக்கொண்டு ஓடுவதால் அதில் எதிர்மின்சுமை மிகும். அதிலிருந்து ஒரு ரேடியோ துடிப்பு பிறக்கும். 1962-இல் சோவியத் இயற்பியலாளர் குர்கன் அஸ்கார்யான் போட்ட கணக்கு இது. குளிர்ந்த பனிக்குள் ரேடியோ அலை ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் போகும் என்பதால், ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்தே பெரும்பரப்பைக் காவல் காக்கலாம். ஜிஎஸ்டி சாலையின் செல்போன் கோபுரங்கள், மின்சார ரயில், மீனம்பாக்கத்து விமானங்கள் என்ற இரைச்சலும் அங்கே இல்லை.

சிக்கல் ஒன்றுதான். இந்த வழியில் இதுவரை ஒரு நியூட்ரினோகூட உறுதியாகச் சிக்கவில்லை. வலையில் மீன் இல்லையா, வலையே ஓட்டையா?

விடை சொல்பவை காஸ்மிக் கதிர்கள். விண்ணிலிருந்து வரும் இவை காற்றில் மோதும்போதும் துகள் மழை பெய்கிறது; இதுதான் காற்று மழை. பூமியின் காந்தப்புலம் அதிலுள்ள எலக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ள, சில நானோவிநாடி நீளும் ரேடியோ துடிப்பு எழுகிறது.

2006-07-இல் அண்டார்ட்டிகா வானில் பலூனில் பறந்த அனிட்டா கருவி போனது நியூட்ரினோவுக்காக. தரவில் கிடைத்தவை 16 காஸ்மிக் கதிர்த் துடிப்புகள். அவற்றில் 14, பனியில் பட்டுத் திரும்பியவை. அந்தப் பகுதியில் காந்தப்புலம் ஏறத்தாழச் செங்குத்து. அதனால் துடிப்பின் மின்புலம் கிடைமட்டமாக அசைந்தது. நியூட்ரினோ என்றால் பெரும்பாலும் செங்குத்தாக அசைந்திருக்கும். ஆக, கருவிக்குக் காது கேட்கிறது, ஆளையும் பிரித்தறிகிறது.

கிரீன்லாந்தில் 2021-இல் தொடங்கிய ஆர்என்ஓ-ஜி திட்டம் இதைத் தற்செயலுக்கு விடவில்லை. அங்கே சில ஆன்டெனாக்கள் வானம் பார்த்தே வைக்கப்பட்டுள்ளன. தென்துருவத்தில் இதே தேடலில் இருக்கும் ஏரா நிலையமோ, 2019-இல் பதிவான தரவில் 13 துடிப்புகளைப் பிரித்தெடுத்தது. காற்று மழையின் நடுக்கரு பனிக்குள் இறங்கி எழுப்பியவை அவை. அஸ்கார்யான் சொன்ன அதே வகை.

இந்தியாவில் கதை தலைகீழாகத் தொடங்கியது. காஸ்மிக் கதிர்த் தொல்லைக்குத் தப்பத்தான் கோலார் தங்கச் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி வைத்தார்கள். வளிமண்டல நியூட்ரினோ 1965-இல் அங்கே பதிவானது. காற்று மழையின் ரேடியோ துடிப்பை பிரிட்டனில் முதலில் பிடித்ததும் அதே ஆண்டில்தான்.

தாம்பரத்தில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் மதுரை. அங்கே 85 டன் இரும்பில் ஒரு 'மினி-ஐகால்' நிற்கிறது. தேனி பொட்டிப்புரம் மலைக்கடியில் திட்டமிட்டு, எதிர்ப்பில் முடங்கிய நியூட்ரினோ கருவியின் சிறு மாதிரி. இது ரேடியோ கருவி அல்ல. இரும்புத் தகடுகளின் இடைவெளிகளில் பத்து அடுக்காகக் கண்ணாடி உணரிகள். ஆனால் சோதிக்கும் வழி அதேதான். காஸ்மிக் கதிர்களின் பிள்ளைகளான மியூவான்கள், நம் உள்ளங்கை வழியே விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் இறங்குபவை, கூரையைத் துளைத்து வந்து அடுக்கடுக்காகத் தடம் பதிக்கின்றன. ஒன்பது அடுக்கு பதில் சொல்லி ஒன்று மட்டும் வாய் திறக்காவிட்டால், கோளாறு எந்தக் கண்ணாடியில் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது.