வானத்தில் 1 மணி நேரம்... வாசலில் இருந்து 6 மணி நேரம்! மதுரை-சென்னை விமான பயண கணக்கு

செட்டியார்பட்டி,

சென்னை ஆஸ்பத்திரியில் இருந்து அவசரமாக போன் வருகிறது. "மதுரைக்கு போயிட்டா பிளைட்ல ஒரு மணி நேரம்தானே" என்று உடனே ஒருவர் யோசனை சொல்வார். செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் இருந்து கிளம்பினால் நிஜமாகவே எவ்வளவு நேரம் ஆகும்?

மதுரை, சென்னை விமான நிலையங்களுக்கு இடையே வானத்தில் நேராக அளந்தால் சுமார் 420 கி.மீ. தூரம். ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகம் போகும். அப்படி பார்த்தால் அரை மணி நேரத்தில் போய்விடலாமே, டிக்கெட்டில் ஏன் 1¼ மணி நேரம் போட்டிருக்கிறார்கள்?

காரணம் இதுதான். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததில் இருந்து, சென்னையில் போய் நிற்கும் வரை உள்ள நேரம்தான் டிக்கெட்டில் இருக்கும். மேலே ஏறவும், கீழே இறங்கவுமே பாதி நேரம் போய்விடும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். சென்னையில் கூட்டம் என்றால் இறங்க இடம் கிடைக்கும் வரை வட்டமும் அடிக்க வேண்டும். காற்றாடி வைத்த சின்ன விமானம் என்றால் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ.தான்.

90 கி.மீ. ரோடு

நம்ம ஊர் கணக்கு ரோட்டில்தான் இடிக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரை விமான நிலையம் சுமார் 90 கி.மீ. காரில் போனாலே 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ் என்றால் திருமங்கலத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும்.

அங்கே போனதும் ஏறி உட்கார முடியாது. கவுன்டரை பெரும்பாலும் 1 மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். 5 நிமிடம் லேட் என்றாலும் டிக்கெட் பணம் போச்சு. அடையாள அட்டை கட்டாயம். தையல் வேலை பார்ப்பவர்கள் கைப்பையில் கூரான கத்தரிக்கோலை மறந்து வைத்திருந்தால் அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

எல்லாம் கூட்டினால் வாசலில் இருந்து ஆஸ்பத்திரி வரை 6 மணி நேரம், சில நாள் 7 மணி நேரம்.

ரெயிலா, விமானமா?

போன் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை வைத்துதான் முடிவு எடுக்க வேண்டும். காலை 8 மணிக்கு வந்தால் மதிய விமானத்தை பிடித்து பிற்பகல் 3 மணிவாக்கில் நோயாளி பக்கத்தில் இருக்கலாம். ராஜபாளையத்தில் ஏறும் ரெயில் என்றால் மறுநாள் காலைதான். மாலை 5, 6 மணிக்கு வந்தால் பொதிகை எக்ஸ்பிரஸ்தான் புத்திசாலித்தனம். மாலையில் ராஜபாளையத்தில் ஏறினால் விடியும்போது சென்னை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். முன்பதிவு இல்லாத பெட்டியும் உண்டு. விமான டிக்கெட்டோ கடைசி நேரத்தில் எகிறிவிடும்.

விமானத்தில் போய் இறங்குபவர்கள் டாக்சிக்கு கொட்டிக் கொடுக்க வேண்டாம். எதிரிலேயே திரிசூலம் ரெயில் நிலையம் இருக்கிறது. மின்சார ரெயிலில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை. 2016-ல் இருந்து விமான நிலையத்தில் மெட்ரோ ரெயிலும் ஓடுகிறது. அதில் சென்டிரலுக்கே போய்விடலாம்.