லடாக் போகும் ஜீப்புக்கு என்ன தேவை?

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மணாலி வழியாக லே செல்ல ஜீப் வாங்கும் நம் இளைஞர்கள், முதலில் பம்பருக்கு முன்னால் இரும்புக் கார்டு மாட்டுகிறார்கள். இது சட்டவிரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. மோதும்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமலும் போகலாம்.

காசை முதலில் டயரில் போடுங்கள். பக்கச்சுவர் உறுதியான ஆல்-டெரெய்ன் டயர், கம்பெனி கொடுத்த அதே அளவில் போதும். பெரிய டயர் போட்டால் ஸ்பீடாமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும். பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். அடுத்து நல்ல ஸ்டெப்னி, காற்றடிக்கும் பம்ப், இழுவைக் கயிறு.

கூரைக் கேரியர் கடைசி. மேலே சுமை ஏற ஏற, வளைவில் வண்டி கவிழும் அபாயமும் ஏறும். ரயில்வேயில் வேகன்களோடு பழகிய நான் சொல்வது இதுதான்: தண்ணீர் கேன், டூல் பெட்டி போன்ற கனமானவற்றைத் தாழ்வாக, இரு அச்சுகளுக்கும் நடுவே கட்டி வையுங்கள். பின்சீட்டில் இருப்பவர்கள் உங்கள் குழந்தைகள்.