காப்பாளர் யார்?

பதினெட்டு ஆண்டு நிரம்பாதவரைச் சட்டம் ‘இளவர்’ என்று வழங்கும். ஊரார் ‘மைனர்’ என்பர். இளவருக்கு நிலம் இருக்கலாம். வங்கியில் பணமும் இருக்கலாம். ஆயினும், அவர் தாமே செய்யும் ஒப்பந்தம் செல்லாது. தாமே வழக்காடவும் இயலாது. அவர்பொருட்டுப் பேசவும் கையொப்பமிடவும் பெரியவர் ஒருவர் வேண்டும். அவரையே காப்பாளர் என்கிறோம்.

முற்காலத்தில் இங்கிலாந்து நாட்டில் இவ்வுரிமை முழுவதும் தந்தையிடமே இருந்தது. கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளரின் மக்கள் மூவரையும் 1836ஆம் ஆண்டில் அவர்தம் கணவர் பிரித்துக்கொண்டார். பெற்ற மக்களைக் காணவும் அத்தாய்க்குச் சட்டத்தில் வழியில்லை. அவர் அயராது எழுதினார். அதன் பயனாய், ஏழு வயதிற்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தாய் நீதிமன்றத்தை வேண்டலாம் என்று 1839இல் சட்டம் பிறந்தது. வேண்டலாம் என்றதேயன்றி, அது தாயின் உரிமை என்று அச்சட்டம் கூறவில்லை.

நம் நாட்டில் இந்துக்களுக்கான இளவர் காப்புச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். ஆனால் இயற்கைக் காப்பாளர் யார் என்று கூறுமிடத்துத் தந்தையையும், ‘அவருக்குப் பின்’ தாயையும் குறித்தது. ‘பின்’ என்பதற்குத் தந்தையின் வாழ்நாளுக்குப் பின் என்றே பலரும் பொருள் கொண்டனர். ஊட்டி வளர்ப்பவர் தாய், கையொப்பமிடுபவர் தந்தை. இது விந்தையான பங்கீடன்றோ?

1984ஆம் ஆண்டில் கீதா ஹரிஹரன் என்னும் எழுத்தாளர், தம் இளம் மகன் பெயரில் இருபதினாயிரம் ரூபாய்க்குக் கடன் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். தாயே காப்பாளராய்க் கையொப்பமிடுவதற்குத் தந்தையும் இசைந்திருந்தார். எனினும், தந்தையின் கையொப்பமாவது, தக்க அதிகாரியிடம் பெற்ற காப்பாளர் சான்றாவது வேண்டும் என்று வங்கி விண்ணப்பத்தைத் திருப்பியது. வங்கி தானாக விதி வகுக்கவில்லை. சட்டத்தின் சொல்லையே காட்டிற்று. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நீதிபதிகள் மூவர் தீர்ப்பளித்தனர். தந்தை உயிரோடிருக்கும் காரணத்தாலேயே தாயை ஒதுக்குவது, ஆணும் பெண்ணும் சமம் என்னும் அரசியலமைப்பின் கொள்கைக்கு முரணாகும் என்று கண்டனர். ஆகவே, ‘பின்’ என்னும் சொல் தந்தை ‘இல்லாதவிடத்து’ என்றே பொருள்படும் என்றனர். தந்தை பிள்ளையைக் கவனியாதிருப்பினும், நோயினாலோ பிரிவினாலோ பேண இயலாதிருப்பினும், இருவரும் இசைந்து பொறுப்பைத் தாயிடம் விட்டிருப்பினும், தாயே காப்பாளராய் நிற்கலாம். சட்டத்தின் எழுத்தைத் தீர்ப்பு மாற்றவில்லை. தந்தையின் பெயரே முன்னிற்கும் வரிசையும் அவ்வாறே நின்றது. அது ஒரு குறையே.

காப்பாளர் ஆவது பிள்ளைக்கு உடைமையாளர் ஆவதன்று. இளவருக்குரிய வீட்டையோ நன்செயையோ, நீதிமன்றத்தின் முன் இசைவின்றித் தந்தையும் விற்றல் கூடாது. தாயும் விற்றல் கூடாது. அடகு வைத்தலும் கூடாது. அவ்வாறு விற்பின், இளவர் பின்னாளில் அவ்விற்பனையைத் தள்ளுமாறு கோரலாம்.

பெற்றோர் பிரிந்து, பிள்ளை யாரிடம் வளர்வது என்னும் வழக்கு எழுங்கால், தாயின் உரிமை, தந்தையின் உரிமை என்னும் இரண்டிற்கும் மேலாகப் பிள்ளையின் நலத்தையே நீதிமன்றம் கருதவேண்டும் என 1956ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில் மற்றொரு விதியும் உண்டு. பிள்ளையின் வயது, ஆண் பெண் என்னும் வேறுபாடு, காப்பாளராக வருபவரின் ஒழுக்கம், உறவின் நெருக்கம் ஆகியவற்றை ஆராய்ந்தபின், பகுத்துணர்ந்து விருப்பம் கூறும் பருவம் பிள்ளைக்கு எய்தியிருந்தால், நீதிபதி அவ்விருப்பத்தையும் கருதலாம். அதன்பொருட்டு நீதிபதி பிள்ளையைத் தம் தனியறைக்கு அழைத்து, பெற்றோர் இருவரையும் வெளியே நிறுத்திவைத்துக் கேட்பதும் உண்டு.